வெப்சைட் இருக்கிறது, கூகுளில் ஏன் வரவில்லை?

போன ஆடி மாதம் திண்டுக்கல்லிலிருந்து சித்தப்பா போன் செய்தார். அவருடைய பூட்டுக்கடைக்கு அப்போதுதான் வெப்சைட் போட்டிருந்தார்கள். "டேய், கடை பேரை அப்படியே அடிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் வரலைடா. கூகுளுக்குத் தனியா பணம் ஏதும் கட்டணுமா?" என்றார்.

முகவரியை நேராகத் தட்டினால் தளம் நன்றாகவே திறந்தது. மாங்காய்ப் பூட்டு, அலமாரிப் பூட்டு என்று படங்கள் பளிச்சென்று வந்தன. தேடினால் மட்டும் இல்லை. இரண்டு நாள் முன்பு யாரோ ஒருவர் அவரை அழைத்து, "கூகுளில் சேர்த்துவிடுகிறோம், மாதம் இவ்வளவு" என்று பேசியிருக்கிறார். சித்தப்பா கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டுவிட்டார்.

இந்தக் குழப்பம் அவருக்கு மட்டும் வந்ததில்லை. நாளெல்லாம் கணினியில் வேலை பார்ப்பவர்கள்கூட 'கூகுளில் ஏற்றுவது', 'கூகுளில் போடுவது' என்றுதான் பேசுகிறார்கள். ஒரு பக்கத்தைக் கண்டுபிடிப்பது, படிப்பது, குறித்து வைப்பது, வரிசைப்படுத்துவது என்று நான்கு வேலைகள் இதில் இருக்கின்றன. நான்கையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுவதால், தடங்கல் எங்கே என்று தெரியாமல் போகிறது. தெரியாதவர்களிடம்தான் மாதாமாதம் பணம் கறக்க முடிகிறது.

## வாக்காளர் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள்

தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்குப் போகிறீர்கள். உள்ளே இருக்கும் அலுவலர் எழுந்து தெருவுக்கு வந்து உங்கள் வீடு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மேசைமேல் இருக்கும் பட்டியலைப் புரட்டுகிறார். பெயர் இருந்தால் விரலில் மை. இல்லையென்றால், நாற்பது வருடமாக அதே தெருவில் குடியிருந்தாலும் திரும்ப வேண்டியதுதான்.

அந்தப் பட்டியல் முன்கூட்டியே தயாரானது. யாரோ வீடு வீடாக வந்து, கதவைத் தட்டி, விவரம் கேட்டு எழுதியது. புதிதாகக் குடிவந்தவர் விடுபட்டிருப்பார். இறந்துபோன தாத்தாவின் பெயர் இன்னும் இருக்கும்.

கூகுள் போன்ற தேடுபொறியும் இதே மாதிரிதான் வேலை செய்கிறது. நீங்கள் ஒரு சொல்லைத் தட்டும்போது அது இணையத்துக்குள் ஓடிப்போய்த் தேடுவதில்லை. உலகத்திலுள்ள தளங்களையெல்லாம் அரை நொடிக்குள் திறந்து பார்க்க எந்த இயந்திரத்தாலும் ஆகாது. தான் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பதிவேட்டைத்தான் புரட்டுகிறது. அந்தப் பதிவேட்டுக்கு இன்டெக்ஸ் என்று பெயர். நல்ல தமிழில் அடைவு. வீடு வீடாகப் போய்ப் பார்த்துவரும் வேலையைச் செய்யும் மென்பொருளுக்குக் கிராலர் என்று பெயர். கூகுளின் கிராலர் கூகுள்பாட், மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறிக்கு பிங்பாட்.

ஆக, இணையத்தில் இருப்பது ஒன்று, அடைவில் இருப்பது வேறொன்று. சித்தப்பாவின் கடைக்கு வீடு இருந்தது, பட்டியலில் பெயர் இல்லை. கேள்வி இப்போது மாறுகிறது: பெயர் ஏன் ஏறவில்லை?

## முகவரியே தெரியாத வீட்டுக்கு யார் வருவார்?

டொமைன் என்கிற தளப் பெயரை வாங்கி, தளத்தை வைக்கும் இடத்துக்கு, அதாவது ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்டி, பக்கத்தை ஏற்றிவிட்டால் அந்த நிமிடமே கூகுளுக்குத் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாது. இணையத்தில் இருக்கும் எல்லாப் பக்கங்களும் எழுதப்பட்ட ஒரு மையப் பதிவேடு எங்கும் கிடையாது. தேடுபொறிதான் தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு லிங்குகள்தான் வழி. கிராலர் தனக்கு ஏற்கெனவே தெரிந்த பக்கங்களிலிருந்து கிளம்புகிறது. ஒரு பக்கத்தைத் திறந்ததும் அதிலிருக்கும் லிங்குகளையெல்லாம் பொறுக்கி, 'அடுத்துப் பார்க்க வேண்டியவை' என்ற வரிசையில் சேர்க்கிறது. பிறகு அந்த வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துத் திறக்கிறது. அங்கே இருக்கும் லிங்குகளும் வரிசையில் சேர்கின்றன. கணக்கெடுக்க வருபவர், "இந்தச் சந்துக்குப் பின்னாடி வீடு ஏதும் இருக்கா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டுக் கேட்டு நகர்வது போல.

1993-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மேத்யூ கிரே எழுதிய நிரல் இப்படித்தான் லிங்குகளைத் தொடர்ந்து நடந்தது. இணையம் எவ்வளவு பெரிது என்று அளந்து பார்ப்பதுதான் அப்போது நோக்கம். 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் தங்கள் கூகுளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியபோது அதனிடம் சுமார் 2.4 கோடி பக்கங்கள் இருந்தன. பத்தே வருடத்தில், 2008-இல், 1 லட்சம் கோடி வெவ்வேறு முகவரிகளைப் பார்த்துவிட்டதாகக் கூகுள் அறிவித்தது. இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள்: பார்த்துவிட்டதாக. அத்தனையையும் அடைவில் ஏற்றிவிட்டதாக அவர்கள் சொல்லவில்லை. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

யாருமே லிங்க் கொடுக்காத பக்கத்துக்கு என்ன வழி? அதற்குத்தான் சைட்மேப். 'என் தளத்தில் இந்தப் பக்கங்கள் இருக்கின்றன' என்று முகவரிகளை வரிசையாக எழுதித் தளத்திலேயே வைக்கும் ஒரு கோப்பு. கூகுள் இதை 2005-இல் கொண்டுவந்தது. அடுத்த வருடமே யாஹூவும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்துகொண்டன. ஆனால் இது விண்ணப்பம் மாதிரிதான். கொடுத்ததாலேயே பெயர் ஏறிவிடும் என்று எந்த உறுதியும் இல்லை.

கண்டுபிடித்த பிறகும் கிராலர் தினமும் வராது. செய்தித் தளங்களின் முகப்புக்கு மிக அடிக்கடி வரும். மூன்று வருடமாக ஒரு வரிகூட மாறாத பக்கத்துக்கு ஆடிக்கொருமுறை அமாவாசைக்கொருமுறை. ஒரே நேரத்தில் ஆயிரம் பக்கங்களைக் கேட்டு தளத்தைத் தாங்கி நிற்கும் ஒரு சின்ன சர்வர் கணினியைத் திணறடிக்கக் கூடாது என்பதும் அதன் கணக்கில் உண்டு. நேற்று நீங்கள் மாற்றிய விலை இன்று தேடலில் பழைய விலையாகவே தெரிவது இதனால்தான். யாரும் உங்களை ஏமாற்றவில்லை. கிராலர் இன்னும் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை பார்த்தது: லிங்க் வழியாகவோ சைட்மேப் வழியாகவோ முகவரி தெரிய வேண்டும், தெரிந்த பிறகு கிராலர் தன் வசதிக்கு வரும்.

## வாசலில் பலகை, உள்ளே ஒரு வார்த்தை

தளத்தை நடத்துபவர் கிராலரிடம் 'வேண்டாம்' என்றும் சொல்லலாம். அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் பார்த்தது குறைவு, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதல் வழி, ரோபோட்ஸ் கோப்பு. தளத்தின் வாசலில் வைக்கும் சின்ன எழுத்துக் கோப்பு இது. 'இந்த அறைகளுக்குள் வராதே' என்று கிராலருக்குச் சொல்கிறது. 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த ஏற்பாடு. 2022-இல்தான் முறையான இணையத் தரமாகப் பதிவானது. அதுவரை இருபத்தெட்டு வருடம் வெறும் மரியாதையின்பேரில் ஓடியது. இன்றும் அது மரியாதைதான். மாட்டின் முன் 'உள்ளே வராதே' என்று பலகை மாட்டி என்ன பயன்? நல்ல கிராலர் படித்துவிட்டு விலகிப் போகும், கெட்டது நேராக உள்ளே நுழையும். ரகசியமானதைக் காக்க பாஸ்வேர்டுதான் வேண்டும். பூட்டு விற்கும் குடும்பத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, நோஇன்டெக்ஸ். இது பக்கத்துக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் எழுதும் ஒரு குறிப்பு. 'படித்துக்கொள், ஆனால் அடைவில் ஏற்றாதே' என்பது பொருள்.

வித்தியாசத்தைக் கணக்கெடுப்பாளரை வைத்தே பார்க்கலாம். கேட்டில் 'உள்ளே வராதீர்கள்' என்று பலகை தொங்கினால் அவர் உள்ளே போகமாட்டார். ஆனால் அங்கே ஒரு வீடு இருப்பதைப் பக்கத்து வீட்டார் சொல்லியிருப்பார்கள். கதவு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போய்விடுவார். தேடலில் சில முடிவுகள் விவரமே இல்லாமல் வெறும் முகவரியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள்; அது இதுதான். நோஇன்டெக்ஸ் வேறு. அவர் உள்ளே வருகிறார், வீட்டுக்காரர் "எங்க பேரைப் போடாதீங்க" என்கிறார், அவரும் சரி என்று பெயரை அடித்துவிடுகிறார். அந்த வார்த்தை காதில் விழ வேண்டுமென்றால் அவர் முதலில் உள்ளே வர வேண்டும். அதனால், ஒரு பக்கத்தைத் தேடலில் இருந்து எடுக்க நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டால் காரியம் கெட்டுவிடும். பலகையைப் பார்த்துத் திரும்பிப் போகும் கிராலருக்கு உள்ளே எழுதியிருப்பது எப்படித் தெரியும்?

2020 பிப்ரவரியில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். வாட்ஸ்அப் குழுக்களில் சேர்வதற்கான அழைப்பு லிங்குகள் கூகுள் தேடலில் வரத் தொடங்கின. கூகுள் வாட்ஸ்அப்புக்குள்ளேயே புகுந்துவிட்டது என்று பலர் பயந்துபோனார்கள். நடந்தது அதுவல்ல. குழுவில் இருந்த யாரோ அந்த லிங்கைப் பொதுவான ஒரு பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். கிராலர் அதைப் பிடித்துக்கொண்டு அழைப்புப் பக்கம் வரைக்கும் போயிருக்கிறது. உள்ளே நடந்த பேச்சு எதையும் அது படிக்கவில்லை. பிறகு அழைப்புப் பக்கங்களில் நோஇன்டெக்ஸ் குறிப்பை வாட்ஸ்அப் சேர்த்தது. 'லிங்க் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கலாம்' என்று நாம் பகிரும் எதற்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

சித்தப்பாவின் கடைக்கு வருவோம். பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மூல நிரலைத் திறந்து மேலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். ஏழெட்டு வரிக்குள்ளேயே மாட்டியது: நோஇன்டெக்ஸ். தளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் கட்டியது. அதன் அமைப்புகளில், வாசிப்பு என்ற பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தை அடைவில் ஏற்றுவதைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. தளம் பாதி கட்டி நிற்கும்போது அதை டிக் செய்து வைப்பது நல்ல பழக்கம். வேலை முடிந்ததும் டிக்கை எடுக்க வேண்டும். கட்டிக்கொடுத்தவர் அதை மறந்துவிட்டார். அந்த ஒரு டிக்குக்காகத்தான் சித்தப்பா மாதம் பணம் கட்டப் போனார்.

## படித்ததை எப்படிக் குறித்து வைக்கிறது?

கிராலர் கொண்டுவந்த பக்கத்தைத் தேடுபொறி முதலில் திறந்து பார்க்கிறது. பிரவுசரில் நாம் பார்ப்பது போலவே, நிரல்களையெல்லாம் ஓட்டி, முழுப் பக்கமாக்கிப் பார்க்கும். கூகுள்பாட் இப்போது பெரும்பாலும் செல்போனில் தெரியும் வடிவத்தைத்தான் படிக்கிறது. கணினியில் அழகாக இருந்து, போனில் பாதி விஷயம் காணாமல் போகும் தளம் என்றால், அந்தப் பாதி அதன் கணக்கிலும் இருக்காது.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பழைய இலக்கியப் பதிப்புகளின் கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு சொல்லையும் அகர வரிசையில் போட்டு, அது எந்தெந்தப் பாட்டில் வருகிறது என்று எண்களை எழுதியிருப்பார்கள். நூல் பாட்டிலிருந்து சொல்லுக்குப் போகும். அடைவு சொல்லிலிருந்து பாட்டுக்கு வரும். தேடுபொறியின் அடைவும் அடிப்படையில் இதேதான்.

மூன்றே பக்கங்கள் கொண்ட ஒரு குட்டி இணையத்தை வைத்துப் பார்ப்போம். முதல் பக்கத்தில் 'திண்டுக்கல் பூட்டு விலை' என்று இருக்கிறது. இரண்டாவதில் 'மாங்காய் பூட்டு செய்யும் முறை'. மூன்றாவதில் 'திண்டுக்கல் பிரியாணி விலை'. இதற்கான அடைவு, முக்கியமான சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால், இப்படி இருக்கும்:

திண்டுக்கல்: 1, 3
பிரியாணி: 3
பூட்டு: 1, 2
மாங்காய்: 2
விலை: 1, 3

இப்போது ஒருவர் 'திண்டுக்கல் பூட்டு' என்று தேடுகிறார். தேடுபொறி மூன்று பக்கங்களையும் திறக்கத் தேவையே இல்லை. திண்டுக்கல் என்ற வரியில் 1, 3. பூட்டு என்ற வரியில் 1, 2. இரண்டிலும் இருப்பது 1. முடிந்தது. இதையே பல்லாயிரம் கோடிப் பக்கங்களுக்கு, ஆயிரக்கணக்கான கணினிகளில் பிரித்து வைத்துச் செய்யும்போது நமக்குக் கண் சிமிட்டும் நேரத்தில் விடை வந்துவிடுகிறது. உழைப்பெல்லாம் முன்பே முடிந்துவிட்டது.

கிடைத்தவற்றில் எதை மேலே போடுவது என்பது வரிசைப்படுத்தும் வேலை. அது தனிக் கதை. இங்கே அதற்குள் போகவில்லை. அடைவில் இல்லாத பக்கத்துக்கு வரிசையில் இடமே கிடையாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

## வந்து பார்த்தும் ஏற்றாமல் போவது

'பார்த்துவிட்டதாக' என்ற சொல்லைக் காட்டிப் பாக்கி வைத்த விஷயம் இது. கிராலர் வந்து, படித்து, பிறகும் அடைவில் ஏற்றாமல் விடுவது சர்வ சாதாரணம். ஒரே சரக்கு ஐந்து முகவரிகளில் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். அப்படி வைத்துக்கொள்ளும் முகவரிக்கு கனோனிக்கல் என்று பெயர்; மூலப் பக்கம் என்று புரிந்துகொள்ளலாம். வேறு தளத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியதும், நாலு வரிகூட இல்லாத வெற்றுப் பக்கமும் இப்படி நிற்கும். இந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வதால் தேடுபவருக்கு ஏதாவது கிடைக்குமா என்று அது பார்க்கிறது. எல்லா நேரமும் சரியாகவா பார்க்கிறது? இல்லை. நல்ல பக்கங்கள் மாதக்கணக்கில் வெளியே நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

## தமிழ்ப் பக்கங்களுக்கு மட்டும் உள்ள தொல்லை

தேடுபொறிக்கு எழுத்தின் உருவம் தெரியாது. எழுத்துக்குப் பின்னால் இருக்கும் எண் குறியீடுதான் தெரியும். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் உலகப் பொது ஏற்பாட்டுக்கு யூனிகோடு என்று பெயர்.

யூனிகோடு பரவுவதற்கு முன்பு பல தமிழ்த் தளங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதப்பட்டன. பாமினியில் 'தமிழ்' என்று தெரிவதற்குப் பின்னால் உண்மையில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அந்த எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. நம் கண்ணுக்குத் தமிழ். கிராலருக்குப் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம். இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு ஆசையாக எழுதிய எத்தனையோ கதைகளும் கட்டுரைகளும் இன்னும் இணையத்தில் இருந்தும் எந்தத் தேடலிலும் அகப்படாமல் கிடக்கின்றன. நினைத்தால் மனசு கனக்கிறது.

யூனிகோடிலும் கவனம் வேண்டும். 'கௌரவம்' என்பதில் வரும் ஔகாரக் குறிக்குத் தனி எண் உண்டு. அதைத் தட்டாமல் ஒற்றைக் கொம்போடு ள-வைச் சேர்த்து 'கெளரவம்' என்று எழுதுபவர்கள் நிறைய. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, குறியீட்டில் இரண்டு வேறு சொற்கள். பல நேரம் தேடுபொறி எழுத்துப்பிழை என்று ஊகித்துச் சமாளித்துவிடும். எப்போதும் சமாளிக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

அப்புறம் நம் சொற்கள் வளையும் விதம். பூட்டு, பூட்டை, பூட்டுக்கு, பூட்டின், பூட்டுகளால், பூட்டுக்கடை, பூட்டினான். ஆங்கிலத்தில் நாலைந்து உருவத்தில் முடிவது தமிழில் பல டஜன் ஆகிறது. இவையெல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று தேடுபொறி பிரித்துப் பார்க்க வேண்டும். அதிலும் 'வீட்டைப் பூட்டு' என்பதில் வரும் பூட்டு வினை, 'மாங்காய்ப் பூட்டு' பொருள். முன்பைவிட இப்போது இதை நன்றாகவே கையாள்கிறார்கள். ஆனாலும் பொருளின் பெயரை, மக்கள் தேடும் உருவத்திலேயே, ஒரு முறையாவது பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.

எழுதி வைப்பது என்றால் எழுத்தாக. நம் ஊர்க் கடைத் தளங்களில் முகவரி, விலை, பொருள் வகை எல்லாம் நோட்டீஸ் படமாகத்தான் இருக்கின்றன. படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடுபொறி எழுத்தாகப் படித்துவிடும் என்று நம்பி உட்காரக் கூடாது.

## உங்கள் தளத்தை எப்படிப் பார்ப்பது?

கூகுளின் தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேருங்கள். அடைவில் இருக்கும் உங்கள் பக்கங்கள் வரும். எல்லாமும் வந்துவிடும் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒன்றுமே வரவில்லை என்றால் பிரச்சினை இருக்கிறது. துல்லியமாகத் தெரிய, சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியைக் கூகுளே தருகிறது. தளம் உங்களுடையது என்று நிரூபித்தால் போதும். எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது, எது ஏறவில்லை, என்ன காரணம் என்று அதிலேயே எழுதியிருக்கும். ஒரு பக்கத்தை வந்து பார்க்கச் சொல்லி வேண்டுகோள் வைக்கும் பொத்தானும் அதில் உண்டு.

கூகுள் மேப்பில் கடை தெரிகிறதே என்று கேட்பீர்கள். மேப் விவரம் வேறு பதிவேடு. அதில் இருப்பதால் வெப்சைட் அடைவில் ஏறியதாக அர்த்தமில்லை.

பணம்? அடிக்கடி வந்து படிப்பதற்கோ, முடிவுகளில் மேலே ஏற்றுவதற்கோ பணம் வாங்குவதில்லை என்று கூகுள் தன் விளக்கப் பக்கங்களிலேயே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் வாங்குகிறது. அது விளம்பரம் என்ற குறிப்போடு தனியாக வரும். தளத்தைச் சீர்செய்து கொடுப்பவருக்கு அவர் உழைப்புக்குக் கூலி கொடுக்கலாம், தவறில்லை. 'கூகுளில் சேர்க்கக் கட்டணம்' என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

சித்தப்பாவின் தளத்தில் அந்த டிக்கை எடுத்து, சர்ச் கன்சோலில் வேண்டுகோள் வைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் கடைப் பெயர் தேடலில் வந்துவிட்டது. ஆனால் 'மாங்காய்ப் பூட்டு' என்று தேடினால் இன்னும் வரவில்லை. போய்ப் பார்த்தால், பூட்டு வகைகளெல்லாம் ஒரே நோட்டீஸ் படத்துக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எழுத்தாகத் தட்டி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் பதினேழு வகை. சித்தப்பா போனில் ஒவ்வொன்றின் பெயரும் சாவியின் அளவும் சொல்லச் சொல்ல, நேற்று ராத்திரியோடு ஒன்பது முடிந்திருக்கிறது.